போர் முடிந்தது, போர்க்காலச் சட்டம் மட்டும் முடியவில்லையே! ஏன்?



பாகான் டாலாமிலிருந்து ஒரு தாய் முதல் ஃபெரி பிடித்து ஜார்ஜ்டவுனில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். நான் கதவைத் திறக்கும் முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மகனின் சட்டை ஒன்று, ஆஸ்துமா பம்பு ஒன்று, கட்டிக்கொண்டு வந்த சோறு ஒரு பொட்டலம்.

"லாயர் சார், ராத்திரி 2 மணிக்கு வந்து பிள்ளையப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. எந்த பாலாய்னு கேட்டேன். போன் வரும்னாங்க. இன்னையோட மூணு நாளாச்சு, ஒரு போனும் வரல."

"மூன்று நாள் ஏன் காத்திருந்தீர்கள் அம்மா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு செய்யலைன்னா விட்டுடுவாங்க, லாயர்கிட்ட போனா இன்னும் சந்தேகப்படுவாங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க சார்."

உறவுகளே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். தப்பு செய்யாதவனை ஏன் பிடிக்கப் போகிறார்கள் என்று நாமே கேட்கிறோம். பிடிபட்டவன் நம் இனத்துப் பையன், நம் ஃபிளாட்டுப் பையன் என்றாலும் முதலில் அவனைத்தான் சந்தேகப்படுகிறோம். அவனைப் பிடித்த சட்டத்தைச் சந்தேகப்படுவதே இல்லை!

இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தைப் பற்றியது. அது எங்கே பிறந்தது, யாரிடமிருந்து நம்மிடம் வந்தது, இன்னும் ஏன் சாகவில்லை, அதற்குள்ளும் உங்களுக்கு மிச்சமிருக்கும் உரிமை என்ன என்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள்.

லண்டனில் பிறந்த தீர்ப்பு, நம் தலையில் விழுந்த கதை

1941ஆம் ஆண்டு. உலகப்போர் நடக்கிறது. ஜெர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு போட்ட காலம். போர்க்கால விதி 18பி என்று ஒன்று பிரிட்டனில் இருந்தது. ஒருவர் ஆபத்தானவர் என்று உள்துறை அமைச்சர் நம்ப நியாயமான காரணம் இருந்தால், வழக்கு விசாரணை இல்லாமலே அவரை அடைத்து வைக்கலாம். லிவர்சிட்ஜ் என்பவரை அப்படித்தான் அடைத்தார்கள். "என்மேல் என்ன காரணம்? நீதிமன்றத்தில் சொல்லுங்கள்" என்று அவர் வழக்குப் போட்டார்.

1941 நவம்பர் 3ஆம் தேதி பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். அமைச்சர் தன்னிடம் காரணம் இருப்பதாக நினைத்தாலே போதும், அது சரியான காரணமா என்று நீதிமன்றம் கேட்காது என்றார்கள் நால்வர். ஒருவர் மட்டும் மறுத்தார். அவர் பெயர் ஆட்கின் பிரபு. போர் நடந்தாலும் சட்டம் வாயை மூடிக்கொள்ளக்கூடாது, அமைச்சரைவிட அமைச்சருக்கு வேண்டியவர்களாக நீதிபதிகள் நடக்கக்கூடாது என்ற கருத்தில் உறுதியாக நின்றார்.

அந்தத் தீர்ப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானியக் குண்டுகள் நம் ஜார்ஜ்டவுனில் விழுந்தன. அதன்பின் இந்த ஊரில் கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் என்ன செய்தது என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காட்டிக்கொடுப்பவன் முகத்தை மூடிக்கொண்டு நிற்பான். அவன் தலையை ஆட்டினால் லாரியில் ஏற்றுவார்கள். குற்றச்சாட்டும் கிடையாது, சாட்சியும் கிடையாது. விசாரணை இல்லாத கைது என்றால் என்னவென்று சட்டப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் இல்லை இது.

சரி, போர் முடிந்தது. பிரிட்டிஷ் நீதிபதிகளே பின்னாளில் அந்த நால்வரின் தீர்ப்பு தவறு, ஆட்கின் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நம் நாட்டில் நடந்தது என்ன? 1969இல் கரம் சிங் என்பவரின் தடுப்புக் காவல் வழக்கு நம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தபோது, எந்தத் தீர்ப்பைப் பின்பற்றினார்கள் தெரியுமா? லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் எழுதிய அதே தீர்ப்பை! அமைச்சர் திருப்தி அடைந்தால் போதும், அந்தத் திருப்திக்கு ஆதாரம் உண்டா என்று நீதிமன்றம் நோண்டிப் பார்க்காது என்றார்கள்.

பெற்ற தாயே வேண்டாம் என்று கைவிட்ட பிள்ளையை நாம் தூக்கி வளர்த்தோம். அது வளர்ந்து நம் பிள்ளைகளையே விழுங்கியது.

ஒரு வருடத்தில் சாக வேண்டிய சட்டம்

இன்னும் பின்னால் போவோம். 1948 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை. உண்மையில் அது போர்தான், பெயர் மட்டும் அவசரகாலம். அந்த 12 ஆண்டுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டார்கள்.

தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை மறந்துவிடாதீர்கள். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் அவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மார்ச்சில் கைது செய்தார்கள். மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கைதுக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு மாதம்தான். அவருக்கு விசாரணை நடந்தது உண்மை. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்ற அவசரகால விதியின் கீழ் நடந்த விசாரணை அது. போர்க்காலச் சட்டம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு அவரே சாட்சி.

1957இல் மெர்டேக்கா வந்தது. அரசமைப்புச் சட்டம் எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. அதனால் 149ஆம் பிரிவில் ஒரு பூட்டுப் போட்டார்கள். நாசவேலையைத் தடுக்க என்று அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் இயற்றினால், அது ஒரு வருடத்தில் தானாகவே செத்துவிடும் என்று எழுதினார்கள். 151ஆம் பிரிவில் இன்னொரு பூட்டு. ஆலோசனை வாரியம் போதிய காரணம் உண்டு என்று சொன்னால் ஒழிய, எந்தக் குடிமகனையும் மூன்று மாதத்துக்கு மேல் விசாரணையின்றி அடைக்கக்கூடாது என்றார்கள்.

1960இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு வருடக் கெடு போயிற்று. நாடாளுமன்றமே ரத்து செய்தால் ஒழிய அந்தச் சட்டம் சாகாது என்றாகிவிட்டது. 151ஆம் பிரிவும் திருத்தங்களால் பல்லைப் பிடுங்கிய பாம்பானது. வாரியம் பரிந்துரை மட்டும் செய்யும் என்ற நிலைக்கு வந்தது.

அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. மறுநாளே, ஆகஸ்ட் 1ஆம் தேதி, இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. போர் முடிந்து ஒரு நாள்கூட நாம் அந்தச் சட்டம் இல்லாமல் வாழவில்லை. போலீஸ் 60 நாள் வைத்திருக்கலாம். பிறகு அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு. அது முடிந்தால் இன்னும் இரண்டு ஆண்டு. முடிவே இல்லை.

கம்யூனிஸ்டுகளை ஒழிக்கத்தான் இந்தச் சட்டம் என்றார்கள். அந்தக் கம்யூனிஸ்ட் கட்சி 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்ஜாயில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தது. எதிரி வீட்டுக்குப் போய்விட்டான், இசா மட்டும் 2012 வரை உட்கார்ந்திருந்தது! 1969 மே மாதம் பிரகடனம் செய்த அவசரகாலத்தையும் 2011இல்தான் ரத்து செய்தார்கள். அதாவது 1970இல் பிறந்த ஒருவர் நாற்பது வயது தாண்டும் வரை சட்டத்தின் கண்ணில் அவசரகாலத்திலேயே வாழ்ந்தார். எந்தச் சண்டையும் காணாமல்!

யாரைப் பிடித்தார்கள்?

இசாவின் கீழ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். எல்லாரும் குண்டு வைத்தவர்களா? 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போனார்கள். நம் பினாங்கில் இயங்கும் அலிரான் அமைப்பின் தலைவர் சந்திரா முசாபர், தொழிற்சங்கவாதி வி.டேவிட், எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் ஆகியோர் அதில் உண்டு. ஜார்ஜ்டவுனில் பிறந்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங்கும் உண்டு.

கர்ப்பால் ஆட்கொணர்வு மனு போட்டார். 1988 மார்ச் 9ஆம் தேதி ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளியே வந்த அன்றே, சில மணி நேரத்தில், மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள். 1989 ஜனவரியில்தான் விட்டார்கள். நாடறிந்த வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், அவருக்கே நீதிமன்றத்தின் உத்தரவு ஒரு நாள்தான் செல்லுபடியானது. பாகான் டாலாம் பையனுக்கு எத்தனை மணி நேரம் செல்லும் என்று நீங்களே யோசியுங்கள்.

2007 நவம்பர் 25 உங்களுக்கு நினைவிருக்கும். கோலாலம்பூரில் நாம் ஆயிரமாயிரமாய்க் கூடினோம். தண்ணீர் பீய்ச்சினார்கள், கண்ணீர்ப் புகை அடித்தார்கள். டிசம்பர் 13ஆம் தேதி உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஆகிய ஐவரை இசாவில் பிடித்து கமுந்திங்கில் அடைத்தார்கள். குற்றம் உண்டென்றால் நீதிமன்றத்தில் நிறுத்தி நிரூபித்திருக்கலாமே? அதைச் செய்யாமல் கமுந்திங்குக்கு அனுப்பினார்கள். 2008 மார்ச் தேர்தலில் மனோகரன் கம்பிக்குள் இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனாலும் 2009 மே மாதம்தான் அவர் வெளியே வந்தார்.

பெயர் மாறியது, குணம் மாறவில்லை

2012இல் இசா ஒழிந்தது என்று நாம் மகிழ்ந்தோம். அதே நாளில் சொஸ்மா வந்து உட்கார்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. சொஸ்மாவில் அமைச்சர் கையெழுத்துப் போட்டு ஆண்டுக்கணக்கில் அடைக்க முடியாது. 28 நாளுக்குள் நீதிமன்றத்தில் குற்றம் சாட்ட வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். வெறும் அரசியல் நம்பிக்கைக்காகவோ அரசியல் நடவடிக்கைக்காகவோ யாரையும் கைது செய்யக்கூடாது என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது.

ஆனால் அந்த 28 நாளை நீட்டித் தருவது மாஜிஸ்திரேட் அல்ல, ஒரு போலீஸ் சூப்பரின்டென்டன்ட். 2012இல் இயற்றிய வடிவில், குற்றம் சாட்டிய பிறகு ஜாமீனுக்கும் கதவு அடைப்பு. வழக்கு முடியும் வரை உள்ளேதான். நீதிபதி விடுதலை என்று சொன்ன பிறகும், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து கேட்டால் உள்ளேயே வைக்கலாம் என்று ஒரு பிரிவு. அடைத்து வைப்பதே தண்டனை ஆகிவிட்டது!

யார்மேல் இது அதிகம் விழுகிறது? தண்டனைச் சட்டத்தில் 130வி என்று ஒரு பிரிவு. குண்டர் கும்பல் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டு. அதுவும் சொஸ்மாவின் கீழ் வரும். நம் தமிழ்ப் பையன்கள் இதில் மாட்டிக்கொண்டு விசாரணைக்காகக் காத்திருப்பதை நீதிமன்றத்தில் நான் கண்ணால் பார்க்கிறேன். சிலர் குற்றவாளிகளாக இருக்கலாம். சிலர் கும்பலோடு நின்று படம் எடுத்தவர்களாக மட்டும் இருக்கலாம். எவர் எது என்று சொல்ல வேண்டியது நீதிபதி. சொல்வதற்கு முன்பே அந்தக் குடும்பம் உருக்குலைந்து போகிறது. இது போதாதென்று 2014இல் அமலுக்கு வந்த திருத்தத்தால் பழைய பொக்கா சட்டத்தைக் கடுமையாக்கி, 2015இல் பொத்தா சட்டத்தையும் கொண்டுவந்து, விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டு அடைக்கும் அதிகாரத்தை வாரியங்களுக்குக் கொடுத்தார்கள்.

2019 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். ஈழத்தில் போர் முடிந்தது 2009 மே மாதம். பத்து ஆண்டு கழித்து, இங்கே மலேசியாவில், விடுதலைப் புலிகளுக்கு ஆதரவு என்று 12 பேரை சொஸ்மாவில் பிடித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் சாமிநாதனும் குணசேகரனும் அதில் உண்டு. மற்றவர்கள் நம்மைப்போல் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். எந்தப் போரில் துப்பாக்கி தூக்கினார்கள்? கைத்தொலைபேசியில் படம், முகநூலில் பதிவு, நினைவு நாள் கூட்டத்தில் பேச்சு. வேறு நாட்டில் முடிந்துபோன ஒரு போருக்காக இந்த நாட்டுக் குடிமக்களைச் சிறையில் வைத்தார்கள்!

2019 நவம்பர் 29ஆம் தேதி, சாமிநாதன் போட்ட மனுவில், உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் ஒரு தீர்ப்பு சொன்னார். ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, அதை நாடாளுமன்றம் பிடுங்கிக்கொள்ள முடியாது, ஆகவே சொஸ்மாவின் 13ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்றார். 2020 பிப்ரவரி 21ஆம் தேதி, தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை என்று சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் வழக்கையே கைவிட்டார். நான்கு மாதத்துக்கு மேல் ஓடிய வழக்கு அப்படி முடிந்தது. போன வேலையையும் கூனிப்போன மானத்தையும் யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

இது நடந்தது எந்த ஆட்சியில்? கொடுங்கோல் சட்டங்களை ஒழிப்போம் என்று 2018 தேர்தலில் சொல்லி ஓட்டு வாங்கிய ஆட்சியில். எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது எல்லாரும் இந்தச் சட்டத்தை எதிர்க்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் "தேவைப்படுகிறது" என்கிறார்கள். 2022 மார்ச்சில் அந்த 28 நாள் அதிகாரத்தை இன்னும் ஐந்து ஆண்டு நீட்டிக்கும் தீர்மானம் மக்களவையில் இரண்டே ஓட்டில் தோற்றது. மகிழ்ச்சி நான்கு மாதம்தான். ஜூலையில் திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள் உறவுகளே, எந்தச் சட்டம் என்று பாருங்கள்.

"நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?"

வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் கேலி செய்யவில்லை. அவசரகாலத்தில் தோட்டத்தில் அப்பாவித் தொழிலாளர்களும் கொல்லப்பட்டார்கள். குண்டு வைப்பவன் இன்றும் உலகில் இருக்கிறான். அவனைப் பிடிக்க வேண்டும், ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், கடுமையாகத் தண்டிக்க வேண்டும். அதற்குத் தண்டனைச் சட்டம் இருக்கிறது, நீதிபதி இருக்கிறார். நான் கேட்பது ஒன்றே. ஆதாரத்தை நீதிபதியிடம் காட்டுவதற்கு என்ன பயம்?

பயந்து செய்த நாடுகளுக்கு என்ன ஆயிற்று? 1942இல் அமெரிக்கா ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1944இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதற்குத் துணைபோனது. 1988இல் அதே அமெரிக்கா மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. இந்தியாவில் 1976இல், மிசா காலத்தில், அவசரநிலையின்போது ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978இல் 44வது திருத்தம் கொண்டுவந்து, எந்த அவசரநிலையிலும் உயிர், சுதந்திர உரிமைக்கான கதவை மூட முடியாது என்று எழுதிவிட்டார்கள். தவறைத் திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு இவை சாட்சி.

திருத்திக்கொள்ளாத நாட்டுக்கும் சாட்சி உண்டு. இலங்கை 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று கொண்டுவந்தது. 1982இல் அதை நிரந்தரமாக்கியது. அடுத்த ஆண்டே, 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாளில், வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அரசின் காவலில், அரசின் சுவருக்குள்! தற்காலிகம் என்று வரும் சட்டத்தை நம்பாதீர்கள். கைதியைக் கண்காணிக்க வெளியாள் கண் இல்லாவிட்டால், சுவருக்குள் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. நம் நாட்டிலும் 2009 ஜனவரியில் 22 வயது குகன் போலீஸ் காவலில் இறந்தார். அவர் குடும்பம் நீதிமன்றத்தில் போராடி வென்றது 2013இல்தான்.

உங்கள் வீட்டில் நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

இதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

1. "எந்தச் சட்டத்தில், எதற்காக?" என்று கேளுங்கள். கைதுக்கான காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும், விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. சாதாரணக் கைதா, சொஸ்மாவா, பொக்காவா என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

2. வந்தவரின் பெயர், அடையாள எண், வண்டி எண், நேரம், எந்த பாலாய் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பேனா கிடைக்காவிட்டால் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

3. சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றத்தைப் பொறுத்து முதலில் 4 நாள், பிறகு 3 நாள், அல்லது 7 நாளும் 7 நாளும்தான் தடுப்புக்காவல் கிடைக்கும். அந்த நேரத்தில் வழக்கறிஞர் வாதாடலாம். பணம் இல்லையா? தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. ஒய்.பி.ஜி.கே. என்று கேளுங்கள். 2012 முதல் கைதான குடிமக்களுக்காக வழக்கறிஞர்களை அனுப்பிய அமைப்பு அது.

4. சொஸ்மா என்றாலும் நெருங்கிய உறவினருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம்தான் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் முடியாது. 49ஆவது மணி நேரத்தில் உங்கள் வழக்கறிஞர் வாசலில் நிற்க வேண்டும். ஜாமீன் விஷயத்தில் திருத்தம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டாக நடக்கிறது. அன்றைய நிலை என்ன என்று அவரிடம் கேளுங்கள், மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

5. பிடிபட்டவர் பெயர், முகவரி சொல்லலாம். ஆனால் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் உண்டு. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது.

6. வியாதி இருந்தால் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். கொடுத்ததற்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் காயம் கண்டால் டாக்டரைக் கேளுங்கள், போலீஸ் புகார் கொடுங்கள்.

7. சட்டவிரோதமாக அடைத்திருந்தால் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். நம் ஊரில் லெபோ லைட்டில் இருக்கிறது. 2002இல் முகமட் எசாம் முதலானோர் வழக்கில், இசாவில் 60 நாள் பிடித்து வைத்தது சட்டவிரோதம் என்று கூட்டரசு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கதவு இறுக்கமாக இருக்கலாம், தட்டினால் திறந்ததும் உண்டு.

8. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் உத்தரவு வந்தால், அதற்கான காரணங்களைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 151ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே ஒன்று கவனியுங்கள். அந்தப் பிரிவின் மூன்று மாத வரம்பு "குடிமகனுக்கு" என்றுதான் எழுதியிருக்கிறது. பிறப்புப் பத்திரமும் நீல ஐ.சி.யும் இல்லாத நம் பிள்ளைகளுக்கு இந்தக் கொஞ்சப் பாதுகாப்பும் இல்லை. வீட்டில் ஐ.சி. இல்லாதவர் இருந்தால் இன்றே மனுவைப் போடுங்கள்.

9. "எனக்கு ஆள் தெரியும், மூவாயிரம் கொடுத்தால் எடுத்துவிடுகிறேன்" என்று வருபவனை வாசலோடு அனுப்புங்கள். தாலிச் சங்கிலியை அடகு வைத்து அவனிடம் கொடுத்துவிட்டு, பிறகு கண்ணீரோடு என்னிடம் வந்த குடும்பங்கள் நிறைய.

நாம் கேட்பது

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் நீதிபதி கையெழுத்து வேண்டும். ஜாமீனை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். உரிமையைப் பறிக்கும் எந்தச் சட்டமும் 1957இல் எழுதியபடி ஒரு வருடத்தில் காலாவதியாக வேண்டும், வேண்டுமென்றால் அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றத்தில் நின்று காரணம் சொல்லட்டும். ஓட்டுக் கேட்டு உங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். செய்வேன் என்றால் எழுதி வாங்குங்கள். கடந்த முறை எப்படி ஓட்டளித்தீர்கள் என்றும் கேளுங்கள்.

அந்தத் தாயின் மகன் எந்தச் சட்டத்தில் பிடிபட்டான் என்று கண்டுபிடிக்க எனக்கே அரை நாள் ஆனது. சொஸ்மா. 48 மணி நேரம் என்றோ கடந்துவிட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. அன்று மாலை ஆஸ்துமா பம்பு அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சோறு கெட்டுவிட்டது. அவன் குற்றவாளியா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே கேட்டிருந்தால் மூன்று இரவு அவன் மூச்சுக்குத் திணறியிருக்க வேண்டாம். அது எனக்குத் தெரியும்.

ஆகவே உறவுகளே, அடுத்த வீட்டில் நள்ளிரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாயோடு பாலாய்க்குப் போங்கள். எந்தச் சட்டம் என்று கேளுங்கள்.

கேட்பது குற்றம் அல்ல. கேட்பது நம் உரிமை!